எட்டாவது வனம்

வெள்ளாங்கரட்டில் ஒரு பட்டுடை, உள்ளே ஆளில்லாமல், தை மாதம் தொடங்கி ஆடி மாதம் வரை மேடையில் ஆடியது. அதில் எங்களுக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆச்சரியமாகவும், உண்மையைச் சொன்னால் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது வேறொன்று: பெற்ற மகளைப் பறிகொடுத்துப் பதினாறாம் நாள் காரியம்கூட ஆகாத அம்சவல்லி, தீட்டோடு வந்து மேடையோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சுருதிப் பெட்டியை முடுக்கிவிட்டு, ஒன்றுமே நடக்காதவள் போலப் பாட ஆரம்பித்தாளே, அதுதான்.

எங்கள் ஊருக்கு ஆச்சரியப்பட நேரம் கிடையாது. சுண்ணாம்புக் கல்லை வெட்டி வெட்டிக் கரடு பள்ளமாகிவிட்டது; சிமெண்ட் ஆலைச் சங்கு ஊதினால் எழுந்திருப்போம், ஊதினால் சாப்பிடுவோம், ஊதினால் படுப்போம்; காலையில் துவைத்துப் போட்ட வேட்டியை மாலையில் தொட்டால் கையில் மாவு ஒட்டும். வேலைக்குப் போனவன் புருவம் வரை வெளுத்துத் திரும்புவான், பிள்ளைகள் குரலை வைத்துத்தான் அப்பாவைக் கண்டுகொள்ளும். இப்படிப்பட்ட ஊரில் நிறம் என்று ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் லோசனா மிஸ் வருஷத்துக்கு ஒருமுறை கல்யாண மண்டபத்தில் நடத்தும் நாட்டிய விழாவுக்குத்தான் போக வேண்டும், அதனால் பிள்ளை ஆடினாலும் ஆடாவிட்டாலும் எல்லோரும் போவோம்.

அந்த வருஷம் மிஸ் எடுத்துக்கொண்டது மாணிக்கவதனி நாடகம். எந்த ஊர்த் திருவிழாவிலும் விடிய விடிய நடக்கிற இசை நாடகம் அது. ஆர்மோனியம் வாயைத் திறந்ததுமே கூட்டமே சேர்ந்து பாடும், முடிவெட்டும் கடைக் கத்தரிக்கோல்கூட அந்த மெட்டுக்குத்தான் நடக்கும். மாலை மாற்ற வேண்டிய நாளில் காணாமல் போன மாப்பிள்ளையைத் தேடி, இளவரசி மாணிக்கவதனி தோழியைக் கூட்டிக்கொண்டு ஏழு வனம் தாண்டுகிறாள், முள் வனம், பனி வனம், நெருப்பு வனம் என்று ஒவ்வொரு வனத்துக்கும் ஒரு பாட்டு, ஏழாவது வனத்தின் கடைசியில் அவன் மாலையோடு நிற்கிறான், மாலை விழுகிறது, மங்களம் பாடுகிறார்கள், நாங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம். இதை நாட்டியமாக ஆக்கினால் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு மரமாவது கிடைக்கும் என்று மிஸ் கணக்குப் போட்டார்.

இளவரசியாக அவர் தேர்ந்தெடுத்தது பன்னிரண்டு வயது மிருதுளாவை. மிஸ்ஸின் நாட்டியப் பள்ளிக்குப் பாட்டுப் பாடுகிற அம்சவல்லியின் மகள் அவள். 'பாட்டுக்காரி பிள்ளைக்குத்தானே மெயின் ரோல்' என்று மற்ற அம்மாக்கள் முணுமுணுத்தார்கள். தோழி வேஷம் கிடைத்த சம்யுக்தாவின் அம்மா கோமதி கொஞ்சம் சத்தமாகவே முணுமுணுத்தாள். ஆனால் மிருதுளா அரைமண்டியில் உட்கார்ந்து கண்ணைத் திருப்பினால் பார்க்கிறவர்கள் வாய் தானாக மூடிக்கொள்ளும், கோமதியின் வாய் உட்பட.

உடையைக் கடைவீதி ரவூப் பாய் தைத்தார். பச்சைப் பட்டு, அரக்குக் கரை, முன்னால் விசிறி மடிப்பு. அளவெடுக்கும்போது எல்லா அம்மாக்களும் சொல்வதை அம்சவல்லியும் சொன்னாள்.

"வளர்ற பிள்ளை பாய். உள்ள ரெண்டு விரக்கடை துணி விட்டுத் தைங்க."

"விட்டுத்தாம்மா தைப்பேன். மூணு வருஷத்துக்கு நீங்க கடைப் பக்கமே வர வேணாம்" என்றார் பாய்.

விழா நெருங்கியபோது மிருதுளா காய்ச்சல் என்று படுத்தாள். மூளைக் காய்ச்சல் என்று பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அந்த வாரக் கடைசியில் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அவளுடைய அப்பா ஞானவேல், ஆலையில் சூளைப் பக்கம் வேலை பார்க்கிறவர், எல்லாக் காரியத்தையும் நின்று செய்தார், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அழுதுவிட்டால் நன்றாக இருக்கும் என்று நாங்கள் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்துப் பார்த்தோம், சிமெண்ட் தூசிதான் எழுந்தது.

மண்டபம் பதிவாகியிருந்தது, பத்திரிகையும் கொடுத்தாயிற்று. இளவரசி வேஷம் சம்யுக்தாவுக்குப் போனது. அந்தப் பச்சை உடையையே சம்யுக்தாவுக்குப் போட்டுவிடலாமா என்று மிஸ் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, "போன பிள்ளை துணிய எம்பிள்ளைக்குப் போடச் சொல்றீங்களே மிஸ், உங்களுக்கே நல்லாருக்கா?" என்று சொல்லி கோமதி வாடகைக்கு ஒரு உடை எடுத்துவந்தாள். பாட வேறு ஆள் பார்ப்பதாக மிஸ் சொல்லியனுப்பியும் விழாவன்று அம்சவல்லி வந்தாள், கையில் அந்தப் பச்சை உடையோடு.

"இவளுக்காகப் பாடம் பண்ண பாட்டு மிஸ். ஒரே ஒரு தடவை பாடிடறேன்" என்றாள்.

"துணி எதுக்கு அம்சா?"

"அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கட்டும். அதைப் போட வேண்டிய நாள் இன்னைக்குத்தானே."

ஒப்பனை அறை நாற்காலியில் உடையை வைத்து, மேலே நகைப் பெட்டியையும் சலங்கையையும் வைத்துவிட்டு, அவள் போய் உட்கார்ந்து முள் வனத்தின் பாட்டை எடுத்தாள். நாற்காலியிலிருந்து உடை எழுந்தது. சட்டையில் தோள் நிறைந்தது, இடுப்பில் ஒட்டியாணம் பூட்டிக்கொண்டது, சவுரி முடி முதுகில் தொங்கியது, நெற்றி இருக்க வேண்டிய உயரத்தில் நெற்றிச்சுட்டி நின்றது, கணுக்கால் உயரத்தில் சலங்கை கட்டிக்கொண்டது. அது மேடைக்கு வந்து பூமியைத் தொட்டுக் கும்பிட்டது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் பின்திரையில் எழுதிய காடு தெரிந்தது. சம்யுக்தா ஒரு நிமிஷம் பார்த்தாள். வகுப்பில் இடம் மாறி நின்றுவிட்டவள் போல நாக்கைக் கடித்துக்கொண்டு தோழியின் இடத்துக்கு நகர்ந்தாள். தோழி வேஷத்துக்குப் புதிதாகச் சேர்ந்த பிள்ளை மரங்களோடு போய் மரமாக நின்றது. "போன பிறகும் மெயின் ரோல விட மாட்டேங்குதே" என்று கோமதி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அது கோபமா அழுகையா என்று பக்கத்திலிருந்த எங்களுக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது.

ஆட்டம் நன்றாக இருந்தது. முன்வரிசையில், பரிசு கொடுக்க வந்திருந்த ஓய்வுபெற்ற தாசில்தார், அபிநயத்தில் முகம் தெரிந்தால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று மட்டும் சொன்னார். வனம் வனமாகத் தாண்டி ஏழாவதும் முடிந்தது. பென்சில் மீசை வைத்த மாப்பிள்ளைப் பிள்ளை மாலையோடு வந்து நின்றது. லோசனா மிஸ் தாளத்தை நிறுத்தி, மங்களத்தை எடு என்று அம்சவல்லியைப் பார்த்தார்.

அம்சவல்லி மேடையைப் பார்த்தாள். மங்களம் பாடினால் நாட்டியம் முடியும், முடிந்தால் உடை நாற்காலிக்குப் போகும், நாற்காலிக்குப் போனால் அது வெறும் துணி. அவளுக்குப் புரிந்தது எங்களுக்கும் அந்த நொடியே புரிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, நாடகத்தில் எங்குமே இல்லாத ஒரு அடியைப் பாடினாள்:

"ஏழு வனம் தாண்டி வந்தேன், இன்னுமொரு வனம் இருக்கோ..."

உடை மாலைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, எட்டாவது வனத்துக்குள் நுழைந்தது.

இனி நாங்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். மங்களம் பாடும் முன் எழுந்து போகிறவன் வீட்டில் நல்ல காரியம் நடக்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கட்டிய சலங்கையை மங்களத்துக்கு முன் அவிழ்க்கக் கூடாது என்பது ஆடுகிறவர்கள் நம்பிக்கை. முதல் நாள் இரவு முழுக்க உட்கார்ந்தோம். விடிந்ததும் ஆலைச் சங்கு ஊதியது, பசித்தது, அப்போதுதான் யாரோ பஸ்ஸில் இடம் பிடிக்கிற மாதிரி நாற்காலியில் துண்டைப் போட்டுவிட்டுப் போனார். துண்டு உட்கார்ந்திருந்தால் ஆள் உட்கார்ந்த மாதிரிதான் என்று ஆகிவிட்டது. பிறகு வீட்டுக்கு ஒருவர் ஷிப்ட் போட்டு உட்கார்ந்தோம். பிள்ளைகள் காலில் சலங்கையோடு பள்ளிக்கூடம் போனார்கள்; அவர்கள் தண்ணீர் குடிக்கப் போனால் பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கும்; மணியடித்ததும் நேராக மண்டபத்துக்கு வந்து, புத்தகப் பையை மேடைக்குக் கீழே போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து மரமாகவும் மானாகவும் நின்றார்கள். பகலில் உடை தனியாக ஆடியது. அம்சவல்லி களைத்துத் தூணில் சாய்ந்து கண்ணயர்ந்தால் சுருதிப் பெட்டி மட்டும் ஓடும், உடை அரைமண்டியில் அப்படியே காத்திருக்கும்.

மண்டபத்தில் ஏற்கெனவே பதிவான கல்யாணங்கள் இருந்தன. அவற்றை மேடைக்கு முன்னால் நடத்தினோம். நாயனக்காரர்கள் முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு நாட்டியத்தின் தாளத்தோடு ஒத்துப்போய்விட்டார்கள். ஒரு முகூர்த்தத்தில் உடை பாட்டில் வந்த ஒரு நெருப்பைத் தாண்டிக் குதிக்கவும் கெட்டிமேளம் கொட்டவும் சரியாக இருந்ததை மாப்பிள்ளை வீட்டார் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்கள். தீட்டு விஷயத்தை ஐயர் தீர்த்துவைத்தார்: ஆடுகிற வரை தீட்டு இல்லை, பதினாறை மங்களத்திலிருந்து எண்ணிக்கொள்ளலாம். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சலங்கை கட்டி ஆடிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு யார் பிண்டம் வைப்பது?

நாடகத்து வனங்கள் தீர்ந்துபோனதால் அம்சவல்லி தெரிந்த இடங்களையெல்லாம் வனமாக்கினாள். சுண்ணாம்பு வனத்தில் இளவரசியின் கூந்தல் வெளுத்தது, பஸ் ஸ்டாண்டு வனத்தில் எல்லா வண்டியும் அவளை விட்டுவிட்டுப் போனது, எங்கள் தெருக்கள் ஒவ்வொன்றாகப் பாட்டில் வந்தன, தன் தெரு இன்னும் வரவில்லையே என்று சிலர் குறைப்பட்டும் கொண்டார்கள். ஒருநாள் அவள் ஆஸ்பத்திரி வனத்தைப் பாடினாள். அங்கே மரத்தில் காய்க்குப் பதில் குளுக்கோஸ் பாட்டில் தொங்கியது, சொட்டுச் சொட்டாக விழுந்தது, வெளியே நில் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள், அம்மா வெளியே நின்றாள். உடை அந்த வனத்தை மட்டும் மெதுவாகத் தாண்டியது. அதற்குப் பிறகு அவள் எந்த வனத்தைப் பாடினாலும் அது ஆஸ்பத்திரி வனத்துக்கே வந்து சேர்ந்தது.

ஞானவேல் ஷிப்ட் முடிந்து தலையில் ஹெல்மெட்டோடு வந்து மேடையோரம் நிற்பார். பங்குனியில் ஒரு சாயங்காலம், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் அவள் தண்ணீர் குடித்தபோது அவர் பேசினார்.

"போதும் அம்சா."

"இன்னும் ஒரே ஒரு வனம்ங்க."

"பிள்ளைக்குக் கால் வலிக்கும்."

"வலிச்சா சொல்லியிருப்பா. கடைத்தெருவுக்கு நடந்தாலே கால் வலிக்குதுன்னு சொல்றவ அவ."

"எனக்கு அழுகையே வர மாட்டேங்குது அம்சா. சலங்கைச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தா எப்படி அழறது? வீட்டுக்குப் போறேன், அவ வந்துருவான்னு கதவத் தாழ் போடாமப் படுக்கறேன். நீ முடிச்சாத்தான் எனக்கு ஆரம்பிக்கும்."

"நான் முடிச்சா அவ போயிடுவாங்க" என்று சொல்லிவிட்டு அவள் சுருதிப் பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சித்திரையில் கோமதி வந்தாள். கோமதி கையெடுத்துக் கும்பிட்டு நாங்கள் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "உன் பிள்ளைய வெச்சுக்க வேணாம்னு நான் சொல்லலக்கா. எம்பிள்ளைய விட்டுரு. தூக்கத்துல கால் ஆடுது அவளுக்கு. சலங்கை தேய்ச்சுக் கணுக்கால் புண்ணாப் போச்சு" என்றாள். அம்சவல்லி அழுதாள். அழுதுகொண்டே பாடினாள். எங்களுக்கு அவள்மேல் கோபம் வந்தது, அந்தக் கோபத்தோடு வீட்டுக்குப் போய்த் தூங்குகிற எங்கள் பிள்ளைகளைப் பார்த்தோம், கோபம் போய்விட்டது, மறுநாள் துண்டைத் துவைத்து எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கே வந்தோம்.

ஆடி பிறந்து மண்டபத்தில் கல்யாணம் இல்லாமல் போனது. காற்று தூசியை வாரிக்கொண்டு வந்து மேடையில் கொட்டியது. அதற்குள் பிள்ளைகள் வளர்ந்திருந்தார்கள். மான்களுக்குச் சட்டை அக்குளில் பிடித்தது, மரங்களின் கால்சட்டை முழங்காலை நோக்கி ஏறியது. எல்லோரையும்விட சம்யுக்தா நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டாள். இளவரசியின் காதில் தோழி ரகசியம் சொல்லும் ஒரு இடம் உண்டு; தை மாதத்தில் அதற்கு அவள் குதிகாலைத் தூக்கி எக்க வேண்டியிருந்தது, இப்போது குனிந்தாள். இதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அம்சவல்லியும் பார்த்திருப்பாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் ரவூப் பாயின் தையல் மிஷினைக் கொண்டுவந்து போட்டார்கள். அவர் ஒவ்வொரு உடையாக வாங்கி, பிளேடால் தையலைப் பிரித்து, உள்ளே விட்டிருந்த துணியை வெளியே எடுத்துப் பெரிதாக்கிக் கொடுத்தார். எல்லாம் முடிந்து அவர் மிஷினை மூடும்போது அம்சவல்லி பாட்டை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டாள்.

"பாய், இவளுக்கும் பிரிச்சு விடுங்க."

பாய் மேடையைப் பார்த்தார். அரைமண்டியில் பச்சை உடை காத்துக்கொண்டிருந்தது.

"இதுக்காம்மா?"

"ஆமா. சம்யுக்தாவுக்கு எவ்வளவு பிரிச்சீங்களோ அவ்வளவு. ரெண்டு பேரும் ஒரே வயசுதானே."

"அளவு எடுத்துப் பாத்துக்கட்டுமா?"

"அளவு வேணாம்" என்றாள் அவள் அவசரமாக.

பாய் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறினார். உள்ளே ஆள் இருந்தால் எப்படிச் செய்வாரோ அப்படி, பிளேடு சதையில் பட்டுவிடாமல் தன் விரலை உள்ளே கொடுத்துத் தடுத்துக்கொண்டு, தோளில், அக்குளில், இடுப்பில் என்று ஒவ்வொரு தையலாகப் பிரித்தார், நின்றபடியே கைத்தையல் போட்டார். கீழே இறங்கி வந்தவர் எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அம்சவல்லி அடுத்த வனத்தைப் பாடினாள். உடை எழுந்து முதல் அடி வைத்தது, தோள் நழுவியது. இரண்டாவது அடியில் ஒட்டியாணம் இடுப்பில் நிற்காமல் தொடைக்கு இறங்கியது. விசிறி மடிப்பு தரையில் புரண்டது, சலங்கை அதை மிதித்துத் தடுமாறியது. அக்காவின் சட்டையை மாட்டிவிட்ட சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது அது. ஆனாலும் அது ஆட்டத்தை விடவில்லை. ஒரு கை வளையல் எழுந்து போய்த் தோளருகே நின்றது, நழுவுகிற சட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது, மற்ற கையால் மட்டும் முத்திரை காட்டி ஆடினாள். ரகசியம் சொல்லும் இடம் வந்தது. சம்யுக்தா குனிந்தாள். குனிந்தவள், ஆட்டத்தில் இல்லாத ஒன்றைச் செய்தாள்: உடையின் தோளை மெல்ல இழுத்துச் சரிசெய்து, முதுகுப் பக்கம் துணியை ஒரு கைப்பிடி சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தங்கையை நடத்திக் கூட்டிப்போவது போலக் கூடவே ஆடினாள்.

பாட்டு நின்றது.

"மிருது" என்றாள் அம்சவல்லி. "மிருது, உனக்கு இது பெருசா இருக்காடி?"

நெற்றிச்சுட்டி அவள் பக்கம் திரும்பியது. ஆமாம் என்பது போல, பயந்துகொண்டே தலையாட்டுகிற பிள்ளையைப் போல, கொஞ்சமாக ஆடியது.

"அம்மா தப்பு பண்ணிட்டேண்டி" என்றாள். பிறகு யாரிடம் என்று இல்லாமல், "இவ வளரலைங்க. எல்லாப் பிள்ளையும் வளர்ந்துருச்சு, இவ மட்டும் வளரவே இல்ல" என்றாள். பின்வரிசையில் ஹெல்மெட் ஒன்று தரையில் விழுந்து உருண்டது.

லோசனா மிஸ் தாளத்தைக் கையில் எடுத்தார். அம்சவல்லி இனியொரு வனம் இல்லை என்று பாடினாள். தினம் ஒரு மாலை மாற்றி அத்தனை நாளும் கால்மாற்றிக் கால்மாற்றி நின்ற மாப்பிள்ளைப் பிள்ளை, அழிந்த மீசையோடு முன்னால் வந்து, கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மாலையைப் போட்டது. அம்சவல்லி மங்களம் பாடினாள். குரல் உடையவில்லை; அவ்வளவு சுத்தமான மங்களத்தை நாங்கள் எந்தத் திருவிழாவிலும் கேட்டதில்லை. உடை பூமியைத் தொட்டுக் கும்பிட்டது, மிஸ்ஸைக் கும்பிட்டது, அம்மாவின் காலடிக்கு வந்து விழுந்து கும்பிட்டது, அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. மேலே மாலை கிடந்தது.

அப்போது ஞானவேல் அழுதார். அந்தச் சத்தத்தில் ஆலைச் சங்கு ஊதியதைக்கூட நாங்கள் கவனிக்கவில்லை. பிள்ளைகள் அங்கேயே உட்கார்ந்து சலங்கையை அவிழ்த்தார்கள், கோமதி தன் பெண்ணின் புண்ணான காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். தாசில்தார் பரிசுகளை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தார். நாங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டோம், வீட்டுக்குப் போனோம்.

மங்களத்திலிருந்து எண்ணிப் பதினாறாம் நாள் காரியம் நடந்தது. அதற்கு முந்தின நாள், படத்துக்கு முன்னால் படைப்பதற்காக அம்சவல்லி அந்தப் பச்சை உடையை எடுத்துக்கொண்டு ரவூப் பாய் கடைக்குப் போனாள். பழைய அளவுக்கே பிடித்துத் தைத்துத் தரச் சொன்னாள். பாய் உடையை மேசையில் விரித்தார், சாக்குக்கட்டியால் கோடு போட்டார், இத்தனை வருஷப் பழக்கத்தில் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"உள்ள ரெண்டு விரக்கடை விடட்டுமாம்மா?"

கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. கோட்டைக் கையால் மூடிக்கொண்டார்.

"வேணாம் பாய்" என்றாள் அம்சவல்லி. "மிச்சத் துணிய வெட்டிருங்க."

பாய் கத்தரிக்கோலை எடுத்து வெட்டினார். விழுந்த பச்சைத் துண்டுகளை அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு, மிஷின் ஓடி முடிகிற வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.